எந்தத் தோட்டா நல்லது?

யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள் கூடுமிடங்களில் ஒரு கேள்வி அவ்வப்போது நம் காதில் விழுகின்றது. வைத்தியர் வீட்டு விறாந்தையிலும், வழக்கறிஞர் ஓய்ந்திருக்கும் வேளையிலும், வணிகர் கணக்குப் பார்த்து முடிந்த பின்னரும் அது எழுகின்றது. “ஒரு கைத்துவக்குக்கு விண்ணப்பித்து வைத்தால் என்ன? கிடைத்தால் எந்தத் தோட்டா நல்லது? பழகுவதற்கு ஒன்று, தற்காப்புக்கு வேறொன்று என்கிறார்களே, அது மெய்தானா?” என்று கேட்கின்றனர்.

இக்கேள்வியைக் கேட்பவரைப் பார்த்து நாம் நகைக்கமாட்டோம். போர் 2009 இல் ஓய்ந்தது, அச்சம் ஓயவில்லை. வாளுடன் மோட்டார் சைக்கிளில் வரும் கும்பல்கள் வீடு புகுந்து வெட்டிய செய்திகளைக் குடாநாடு பல ஆண்டுகள் படித்திருக்கின்றது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர், இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்காருகின்றனர். அந்த அச்சம் கற்பனையன்று. ஆகவே கேள்விக்கு நேரே விடை கூறுவோம். அதன்பின், கேட்கப்பட வேண்டிய வேறு கேள்விக்கு வருவோம்.

பழகுவதற்கான தோட்டா வேறு, தற்காப்புக்கான தோட்டா வேறு என்பது மெய்தான். குறிபார்க்கப் பழகுவோருக்கு உலகெங்கும் முதலிற் கொடுக்கப்படுவது பொயின்ற் இருபத்திரண்டு எனப்படும் சிறு தோட்டா. குழலின் அகலம் ஓர் அங்குலத்தின் நூற்றில் 22 பங்கு; அதாவது ஏறக்குறைய 5.6 மில்லிமீற்றர். இன்று வழக்கிலுள்ள அதன் நீண்ட வடிவம் 1887 இல் அமெரிக்காவில் உருவாயிற்று. சன்னத்தின் எடை 2.6 கிராம் அளவே. விலை குறைவு, ஓசை குறைவு, கையை உதறும் உதைப்பும் குறைவு. வெடிக்குமுன்னரே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் புதியவருக்கு ஏற்படாமற் காப்பது இதுவே. ஆனால், சிறியது என்று எண்ணி எவரும் ஏமாறலாகாது. தடையின்றிப் பறந்தால் ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் அது ஆளைக் கொல்லும்.

அடுத்தது ஒன்பது மில்லிமீற்றர்த் தோட்டா. ஜெர்மனியில் 1902 இல் பிறந்த இது இன்று உலகத்துப் பொலிசாரும் படையினரும் மிகுதியாகக் கையாளும் கைத்துவக்குத் தோட்டா. சன்னம் ஏழரை முதல் எட்டுக் கிராம் வரை எடையுள்ளது. குழலை விட்டுப் புறப்படும்போது நொடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் வேகம். இதில் ஈயத்தை முழுவதும் செப்புக் கவசத்தால் மூடிய வகை ஒன்றுண்டு. விலை மலிவானது, தடங்கலின்றிக் குழலுக்குள் ஏறுவது. பழகுவதற்கு அதையே வாங்குவர். முனையிற் குழி விட்டுச் செய்யப்பட்ட வகை மற்றொன்று. அது உடலிற் பட்டதும் பூப்போல விரிந்து உள்ளேயே நின்றுவிடும். தற்காப்புக்கு அதைக் கூறுவர்.

இந்த விரியும் சன்னத்தின் கதை நம் அயலிலேயே தொடங்கிற்று. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், 1890களில், எல்லைப்புற மக்களுக்கு எதிராகப் பயன்படுத்தவென்று ஆங்கிலேயர் இதனைச் செய்தனர். அதனாலேயே “டம்டம் குண்டு” என்ற பெயர் உலகெங்கும் பரவிற்று. 1899 இல் ஹேக் நகரிற் கூடிய நாடுகள், போரில் இத்தகைய சன்னத்தைப் பயன்படுத்தலாகாது என்று பிரகடனம் செய்தன. போர்க்களத்தில் விலக்கப்பட்டதை நகரத்துப் பொலிசார் விரும்பி ஏற்பதேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இதுதான்: கவசச் சன்னம் ஓர் உடலை ஊடுருவி, அப்பாற் சென்று, வழியே போகும் இன்னொருவரையும் வீழ்த்தும், விரியும் சன்னம் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. 1986 ஏப்ரல் 11 இல் மயாமி நகரில் கொள்ளையரோடு நடந்த மோதலில் அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையினர் இருவரை இழந்தனர். அதன்பின் அத்துறையினர், உடற்றசையை ஒத்த கூழ்க்கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை புகுந்து நிற்பதே தகுந்த சன்னம் என்று அளவு வகுத்தனர்.

எனவே துறையறிந்தோர் கூறும் விடை இது. பழகச் சிறு தோட்டா. கை தேறியபின் கவசத் தோட்டா. தற்காப்புக்கு முனைக்குழித் தோட்டா. தற்காப்புக்கு வைத்திருப்பதைத் தன் சொந்தத் துவக்கிலே பலமுறை வெடித்துப் பார்த்து, அது சிக்குவதில்லை என்று உறுதி செய்தல் வேண்டும். கடற்காற்றிற் கறுத்துப் பச்சை பூத்த பழந்தோட்டாவை நம்பலாகாது. துவக்கை ஓரிடத்திலும் தோட்டாவை வேறோரிடத்திலும் பூட்டி வைத்தல் வேண்டும். பழகி முடிந்தபின் ஈயத்தூசி போகக் கையைக் கழுவாமல் சோற்றிற் கைவைக்கக் கூடாது.

விடை முடிந்தது. இனி எமது வினாவைக் கேட்கிறோம். இவ்வளவையும் சரியாகத் தெரிந்து கொண்டவர் காக்கப்படுவாரா?

எம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். கல்வீட்டுக்கு அப்பால் கிடுகு வேலி. வேலி இல்லாத இடத்தில் தகரம். அதற்கு அப்பால் அயலவர் வீட்டு முற்றம். அங்கே பாயில் உறங்கும் பிள்ளைகள். தவறிய சன்னம் எந்த வகையாயினும் கிடுகும் தகரமும் அதனைத் தடுக்கமாட்டா. முனைக்குழி நன்று என்று கூறும் நூலெல்லாம், குறி தப்பாது பட்ட சன்னத்தைப் பற்றியே பேசுகின்றன. நள்ளிரவில், உறக்கம் கலைந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொண்டு, நடுங்குங் கையோடு நிற்கும் அறுபது வயது ஆசிரியரின் குறி தப்பாது என்று எவர் உறுதி கூறுவார்?

பயிற்சி பெற்றவர் நிலையைப் பார்ப்போம். 2017 யூலை 22 இல், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு அண்மையில் நடந்ததைக் குடாநாடு மறந்திராது. யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் அவ்வழியே காரில் வந்தார். அவருக்குப் பல்லாண்டுகள் மெய்க்காவலராயிருந்த சார்ஜன்ற் சரத் ஹேமச்சந்திர போக்குவரத்தைச் சீர்செய்ய முற்பட்டார். ஒருவன் பாய்ந்து அவருடைய இடுப்பிலிருந்த கைத்துவக்கையே பறித்து அவரையே சுட்டான். மற்றொரு காவலரும் காயமுற்றார். சார்ஜன்ற் உயிர் துறந்தார். அவருடைய குடும்பத்தார் முன் விழுந்து அந்த நீதிபதி கதறியழுத காட்சி, தமிழரையும் சிங்களவரையும் ஒருங்கே கண் கலங்கச் செய்தது. அந்தச் சார்ஜன்றுக்குப் பயிற்சி குறைவா? துணிவு குறைவா? தோட்டாவிற் பழுதா? ஒன்றுமில்லை. ஆபத்து எப்போது வரும் என்பதை அதைக் கொண்டு வருபவனே தீர்மானிக்கின்றான். காத்து நிற்பவன் தீர்மானிப்பதில்லை. இடுப்பிலுள்ள துவக்கு, அந்தக் கணத்தில் எவன் கை முந்துகின்றதோ அவனுக்குரியதாகின்றது.

1989 யூலை 13 இல் கொழும்பில் அ. அமிர்தலிங்கம் அவர்களின் இல்லத்தில் நடந்ததும் இதுவே. வந்தவர் விருந்தினராய் வந்து, உபசாரம் பெற்று, உட்கார்ந்து பேசிய பின்னரே சுட்டனர். அமிர்தலிங்கமும் வெ. யோகேஸ்வரனும் மாண்டனர், மு. சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். வாயிலில் ஆயுதந் தாங்கிய காவலர் இருந்தனர். அவர்கள் கொலைஞர் மூவரையும் சுட்டு வீழ்த்தவுஞ் செய்தனர். ஆனால் எப்போது? எல்லாம் முடிந்த பின்னர். 2006 நவம்பர் 10 காலையில், சாவகச்சேரி மண்ணின் மைந்தர் நடராஜா ரவிராஜ் கொழும்பிற் சுடப்பட்டபோதும் அவரோடு காவலர் ஒருவர் இருந்தார். அவரும் உடன் மாண்டார். 1975 யூலை 27 இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா வீழ்ந்த நாள் தொட்டு, எமது அரசியலிற் கைத்துவக்கு செய்தது என்ன? கொன்றது, பழிதீர்த்தது. எவரைக் காத்தது என்று கேட்டால், விரல்விட்டு எண்ணவும் பெயர் கிடைப்பது அரிது.

இன்னோர் ஆபத்து வீட்டுக்குள்ளேயே உண்டு. 1993 இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளிவந்த ஆய்வு, துவக்குள்ள வீட்டில் எவரேனும் கொலையுண்ணும் வாய்ப்பு, துவக்கில்லாத வீட்டை விட ஏறத்தாழ 2.7 மடங்கு என்று கண்டது. 2020 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கலிபோர்னியாவில் இரண்டு கோடியே அறுபது இலட்சம் பேரின் விபரங்களைத் தொடர்ந்து பார்த்தது. கைத்துவக்கு வைத்திருந்த ஆண்கள் துவக்காலே தம்முயிரை மாய்த்துக் கொள்ளும் வீதம், இல்லாதவரை விட ஏறக்குறைய எட்டு மடங்காயிருந்தது. வெளியாரை எண்ணி வாங்கிய பொருள் வீட்டாரையே தின்றது.

அமெரிக்காவின் கதை நமக்கேன் என்பீரோ? நம் நாட்டின் கதையைக் கேளுங்கள். 1995 அளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் ஆண்டுதோறும் தம்முயிரை மாய்த்தனர். உலகில் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய சில பூச்சிகொல்லிகளை அரசாங்கம் 1995 இலும் 1998 இலும் தடை செய்தது. பத்தாண்டுகளில் அவ்வீதம் பாதியாய்க் குறைந்தது. மக்களின் துயரமா பாதியாயிற்று? அன்று. போருங் கடனும் இருந்தபடியே இருந்தன. கொடிய பொருள் கைக்கெட்டிய தூரத்தில் இல்லாமற் போயிற்று, அந்த ஒரு மணிநேர ஆவேசம் தணிந்தது, மனிதர் பிழைத்தனர். எத்தனையோ கமக்காரக் குடும்பங்கள் அவ்வாறு தந்தையரையும் பிள்ளைகளையும் இழவாது தப்பின. பூச்சிகொல்லியை வீட்டினின்றும் அகற்றிப் பெற்ற பாடத்தை, துவக்கைக் கொண்டுவந்து வைத்து மறப்பதா?

இனி, கமக்காரரின் துவக்குக்கு வருவோம். அவர் கேட்பது வேறு. தென்மராட்சியில் இளநீர்க் குரும்பையைக் குரங்கு பிய்த்தெறிகின்றது. தோட்ட நிலத்தைப் பன்றி உழுது போகின்றது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, நாடெங்கும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொல்லிற்று அரசாங்கம். எண்ணிய கமக்காரன் அடுத்த நாளும் அதே குரங்கையே கண்டான்.

முன்னொரு காலத்தில் ஊருக்குச் சில வேட்டைத் துவக்குகள் கச்சேரி அனுமதியோடு இருந்தன. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்க அதிபர் அனுமதி வழங்கி வந்தார். 1971 ஏப்ரற் கிளர்ச்சியில், தெற்கே வீட்டுத் துவக்குகள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போயின. 1980களில் வடக்கிலும் அதுவே நடந்தது. எஞ்சியவையும் போரோடு போயின. பயிர்காக்க இருந்த கருவி போன இடத்தில், வன்னியிலும் பிறவிடங்களிலும் பன்றிவெடியும் கட்டுத்துவக்கும் இடியன் துவக்கும் தலையெடுத்தன. பன்றிக்கு வைத்த வெடி மாட்டின் தாடையைச் சிதைக்கின்றது. யானைக்குட்டியைப் பட்டினியிற் சாகவைக்கின்றது. விறகு பொறுக்கப் போன மனிதனின் காலைக் கொண்டு போகின்றது. நியாயமான கருவியை மறுத்தால் நியாயமற்ற கருவி பிறக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அனுமதியோடு வேட்டைத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரருக்கும் நாம் சில கூறவேண்டும். பன்னிரண்டு போர் என்பது, ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவோ அவ்வளவு குழலகலம். பழைய துவக்குகள் பல 65 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்குச் செய்யப்பட்டவை. இன்று கடையில் வருவன பெரும்பாலும் 70. அறையில் அது நுழையும். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றி அமுக்கம் மிகும். குழலிற் பொறித்திருக்கும் அளவைப் பாராது வாங்குதல் ஆகாது. இருபது போர்த் தோட்டா தவறிப் பன்னிரண்டு போர்த் துவக்கில் இடப்பட்டால், அது முன்னே வழுக்கிக் குழலில் அடைத்து நிற்கும். துவக்கு வெறுமையென்று எண்ணி இன்னொன்றை இட்டு இழுத்தால் குழலே பிளந்து கை போகும். அதனாலேயே இருபது போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் இடும் வழக்கம் வந்தது. பறவைக்கு 2.6 மில்லிமீற்றர் உள்ள ஆறாம் இலக்க ஈயம் போதும். எஸ்.ஜி. எனப்படும் பேரீயத்தின் ஒவ்வோர் உருண்டையும் எட்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்டது, பன்றிக்கு உரியது, சில நூறு மீற்றர் சென்றும் ஆளுக்கு ஆபத்தானது. வீட்டுக்கு வீடு வேலி தொடும் வலிகாமத்தில் அதனை வெடிப்பது அயலவர் மீது வெடிப்பதற்குச் சமானம்.

இவ்விருவரின் கோரிக்கையையும் அரசாங்கம் எவ்வாறு நோக்குகின்றது? கமக்காரனின் மனு மாவட்டச் செயலகத்தில் ஊர்கின்றது. தற்காப்புக் கைத்துவக்கோ கொழும்பிலுள்ள பாதுகாப்பு அமைச்சு தரும் வரம். அரசியல்வாதிக்கும் அவரைச் சார்ந்தவருக்கும் எளிதாய்க் கிட்டும் வரம். 2024 ஒக்டோபரில் அவ்வமைச்சே, தற்காப்பின் பேரில் குடிமக்களுக்கு வழங்கிய துவக்குகளைத் தோட்டாவோடு மீள ஒப்படைக்குமாறும், மீளாய்வு செய்யவேண்டும் என்றும் அறிவித்தது. கொடுத்தவரே திரும்பக் கேட்கும்படி நேர்ந்ததாயின், கொடுத்த முறையில் எத்துணைக் குறை இருந்திருத்தல் வேண்டும்! 2025 பெப்ரவரியில் கொழும்பு நீதிமன்றத்தினுள்ளேயே, வழக்கறிஞர் வேடத்தில் வந்தவன், சட்டநூலைக் குடைந்து மறைத்துக் கொண்டுவரப்பட்ட துவக்கால் ஒருவரைக் கொன்றான். நீதியின் மாடத்துக்குள்ளும் கைத்துவக்கு நுழைந்த நாட்டில், மேலும் கைத்துவக்குகளைப் பரப்புவது பரிகாரமாகுமா?

பரிகாரம் எதுவென நாம் கருதுவதைக் கூறி முடிப்போம்.

முதலாவது, குறிபார்க்கும் கலையை விரும்பும் இளைஞருக்குக் காற்றுத் துவக்கு விளையாட்டைக் கொடுங்கள். கடலூரிற் பிறந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன், பத்து மீற்றர் தூரத்தில் 4.5 மில்லிமீற்றர் ஈயச் சில்லை எய்தே உலகப் புகழ் பெற்றார். ஆளைக் கொல்லுந் தோட்டா அதற்கு வேண்டியதில்லை. எமது கல்லூரிகள் சிலவேனும் முறையான மேற்பார்வையோடு இதனைத் தொடங்கலாம்.

இரண்டாவது, பயிர்காக்கும் துவக்கைத் தனியாளுக்கன்றிக் கமக்காரர் அமைப்புக்குப் பொறுப்பாக வழங்குங்கள். பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ கையாளட்டும். கமநல சேவை நிலையத்தில் தோட்டாக் கணக்கு எழுதப்படட்டும். விண்ணப்பமும் விதிகளும் தமிழிலே கிடைக்கட்டும். தமிழும் அரசகருமமொழியென்று அரசியலமைப்பு 1987 இல் ஏற்றுக் கொண்டதன் பொருள் வயல்வெளியிலும் விளங்கட்டும்.

மூன்றாவது, தற்காப்புத் துவக்கு எவரெவருக்கு, எவ்வகைக் காரணத்துக்காக வழங்கப்பட்டதென்று தொகையேனும் நாட்டுக்கு அறிவிக்கப்படட்டும். பயிற்சியும் ஆண்டுச் சோதனையும் இன்றி ஒருவருக்கும் வழங்கலாகாது.

நான்காவதே அடிப்படையானது. நள்ளிரவில் அஞ்சி எழுந்தவர் தொலைபேசியை எடுத்தால், மறுமுனையில் தமிழிற் பேசும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும். அவர் பத்து நிமிடத்தில் வருவார் என்ற நம்பிக்கையும் வேண்டும். 2016 ஒக்டோபர் 20 இரவில், கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளிற் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தது பொலிசாரின் துவக்கினால் அன்றோ? வேலியே பயிரை மேய்ந்தால் விளைவுக்கு யார் காவல்? பதின்மூன்றாந் திருத்தம் ஏட்டில் எழுதிய பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு வந்து சேரவில்லை. 2013 இல் தெரிவான வடமாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் ஆண்டுக்கணக்கிற் பின்போடப்பட்டது. மக்களுக்குப் பதில்சொல்லும் பொலிஸ் இல்லாத இடத்திலேதான் மக்கள் தோட்டாவின் இலக்கத்தைப் பற்றிப் பேசத் தலைப்படுகின்றனர்.

எம் வாசகருள் வைத்தியருண்டு, ஆசிரியருண்டு, வெங்காயமும் புகையிலையும் நட்டு உயிர்வாழும் கமக்காரருண்டு. உங்களை நாம் வேண்டுவது இதுவே. கைத்துவக்குக்கு மனு எழுத எடுத்த பேனாவால், உங்கள் பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் ஒழுங்கைக்கு ஒரு விளக்கு வேண்டுமென்று பிரதேச சபைக்கு எழுதுங்கள். தனித்திருக்கும் முதியவரின் தொலைபேசி இலக்கத்தை அயலவர் நால்வர் வைத்துக் கொள்ளுங்கள். இரவில் அழைத்தால் நால்வரும் விளக்கோடு எழுந்து போங்கள்.

எந்தத் தோட்டா நல்லது என்று கேட்ட அன்பருக்கு எமது இறுதி விடை: வயலுக்கு வேண்டியது கணக்கெழுதி வைத்த தோட்டா, விளையாட்டுக்கு வேண்டியது ஈயச் சில்லு, வீட்டுக்கு நல்ல தோட்டா, வாங்காமல் விட்ட தோட்டா.